கன்னியாகுமரிக்குத் தெற்கே கடல் 100 மீட்டர் தாழ்ந்திருப்பது எப்படி?

கேள்வி இது: "இந்தியப் பெருங்கடலில் 'ஈர்ப்பு ஓட்டை' என்று ஒரு பெரிய பள்ளம் இருக்கிறதாம், கடல் அங்கே 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறதாம். வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா? நிஜமென்றால் சுற்றியுள்ள தண்ணீர் ஏன் ஓடிப்போய் நிரப்பவில்லை? கப்பல் அதில் இறங்கி ஏறுமா? மூழ்கிப்போன குமரிக்கண்டத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?"

தாழ்ந்திருப்பது நிஜம். 'ஓட்டை' என்ற சொல்தான் தப்பு. இலங்கைக்குத் தென்மேற்கே, கன்னியாகுமரியிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தள்ளி, கடலின் மேல்மட்டம் இருக்கவேண்டிய இடத்தைவிடச் சுமார் 106 மீட்டர் கீழே இருக்கிறது. உலகத்திலேயே இவ்வளவு தாழ்ந்த கடல்பரப்பு வேறெங்கும் இல்லை. அந்தத் தாழ்வு பரவியிருக்கும் பரப்பு 30 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் நிலப்பரப்பு 33 லட்சம் என்று நினைவிருந்தால் அளவு புரியும். ஆனால் படகில் போகிறவர் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. அது ஏன் என்று புரிந்துவிட்டால் மற்ற கேள்விகள் தாமாகவே அவிழும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

'மட்டம்' என்றால் என்ன? கொத்தனாரிடம் கேட்டால் ரசமட்டத்தை எடுத்து வைப்பார். குமிழ் நடுவில் நின்றால் மட்டம். இல்லாவிட்டால் டியூபில் தண்ணீர் ஊற்றி இரண்டு முனையும் ஒரே உயரமா என்று பார்ப்பார். சுவர் நேராக இருக்கிறதா என்பதற்குத் தூக்குக்குண்டு. இந்த மூன்றுமே ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: இந்த இடத்தில் பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது? இழுக்கும் திசைக்குச் செங்குத்தாக இருப்பதற்குப் பெயர்தான் மட்டம். அலை, காற்று, நீரோட்டம் எல்லாவற்றையும் கழித்துவிட்டால் கடலும் பிரம்மாண்டமான டியூப் மட்டம்தான்.

பூமி முழுக்க ஒரே சீரான பொருளால் ஆகியிருந்தால் அந்தக் கடல்மட்டம் அழகான, துருவங்களில் லேசாகச் சப்பிய உருண்டையாக இருந்திருக்கும். கணக்குப்போட வசதியாக விஞ்ஞானிகள் அப்படி ஒரு கற்பனை உருண்டையை வைத்திருக்கிறார்கள், ஜி.பி.எஸ். கருவி உயரத்தை அளப்பதும் அதை வைத்துத்தான். ஆனால் உள்ளே பொருள் சீராக இல்லை. ஓரிடத்தில் கனம் கூடுதலாக இருந்தால் சுற்றியுள்ள தண்ணீரை அது தன் பக்கம் சேர்த்துக்கொள்ளும், கடல் புடைக்கும். கனம் குறைந்த இடத்தில் அக்கம்பக்கத்தின் இழுவை ஜெயிக்கும், தண்ணீர் அந்தப் பக்கங்களுக்கு விலகும், கடல் தாழும். இப்படி மேடும் பள்ளமுமாக உருவாகும் உண்மையான கடல்மட்டத்துக்கு ஜியாய்டு என்று பெயர். நியூ கினி பக்கம் அது அந்தக் கற்பனை உருண்டைக்கு மேலே சுமார் 85 மீட்டர். நம் தெற்கே கீழே 106 மீட்டர்.

சரி, தண்ணீர் ஏன் ஓடி நிரப்பவில்லை? ஓடவேண்டிய அளவுக்கு ஏற்கெனவே ஓடி முடித்துவிட்டது என்பதுதான் பதில். அந்தப் பரப்பில் எந்த இடத்தில் ரசமட்டம் வைத்தாலும் குமிழ் நடுவில்தான் நிற்கும். தூக்குக்குண்டும் தண்ணீர்ப் பரப்பும் எங்கும் செங்குத்து. தண்ணீரைப் பொறுத்தவரை அங்கே சரிவே கிடையாது. சரிவு இருப்பது நம் கணித உருண்டையோடு ஒப்பிடும்போது மட்டும்தான். அதனால் கப்பல் இறங்குவதும் இல்லை, ஏறுவதும் இல்லை, திரும்பி வரும்போது டீசலும் கூடுதலாகச் செலவாகாது. நியூ கினி மேட்டிலிருந்து இந்தத் தாழ்வு வரை 7,000 கிலோமீட்டருக்கு மேல். வித்தியாசம் 190 மீட்டர். கிலோமீட்டருக்குச் சராசரி இரண்டரை சென்டிமீட்டர் சொச்சம். எடை குறையுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. குறையும், 60 கிலோ ஆளுக்கு ஒரு சில கிராம். உடம்பு இளைக்க அங்கே போவதில் பயனில்லை.

கண்ணுக்குத்தான் தெரியாதே தவிர, கருவிக்குத் தெரியும். பெசன்ட் நகர் கடற்கரையில் நின்றுகொண்டு ஒருமுறை போனில் ஒரு ஜி.பி.எஸ். ஆப்பைத் திறந்தேன், உயரம் மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே என்று காட்டியது. கூட வந்த மச்சான், "செத்துப்போய்க் கடலடியில நிக்கிறோமா?" என்றார். ஆப்பில் கோளாறு இல்லை. அது திருத்தம் எதுவும் செய்யாமல், கற்பனை உருண்டையிலிருந்து எவ்வளவு உயரம் என்று சொல்லியிருக்கிறது. சென்னைக் கடற்கரையே அந்த உருண்டைக்குக் கீழே 85 மீட்டர் வாக்கில்தான் இருக்கிறது. தெற்கே போகப் போக, கன்னியாகுமரி, கொழும்பு பக்கம், அது 100-ஐ நெருங்கும். டி.ஜி.பி.எஸ். என்ற துல்லியமான ஜி.பி.எஸ். கருவியை வைத்து வேலை பார்க்கும் சர்வேயர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. கருவி தரும் உயரத்தை அப்படியே எடுத்து வாய்க்காலுக்கு லெவல் போட மாட்டார்கள், ஜியாய்டு திருத்தம் சேர்த்துத்தான் போடுவார்கள். கிலோமீட்டருக்குச் சில சென்டிமீட்டர் என்பது நமக்கு அற்பம். காவிரி டெல்டா மாதிரித் தட்டையான ஊரில் வாய்க்காலுக்கு அது அற்பம் இல்லை. இந்தியாவின் பழைய உயரக் கணக்குகள் 9 துறைமுகங்களில் அளந்த சராசரிக் கடல்மட்டத்தை வைத்து 1909-ல் நிலைநிறுத்தப்பட்டவை. அவற்றில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. அதாவது அடிமட்டமாக எடுத்துக்கொண்ட கடலே வளைந்த கடல்தான், அதில் தப்பும் இல்லை. தண்ணீர் ஓடுவது அந்த மட்டத்தைப் பார்த்துத்தான்.

தூக்குக்குண்டு பொய் சொல்லும் என்பதை முதலில் முகத்தில் அறைந்த மாதிரி காட்டியதும் இந்திய நில அளவைதான். 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் அளக்க ஆரம்பித்த அந்த மகா சர்வே வடக்கே இமயமலை அடிவாரம் வரை போனது. அங்கே கல்யாணா என்ற இடத்துக்கும் நடு இந்தியாவில் உள்ள கல்யாண்பூருக்கும் இடையே தூரத்தை இரண்டு வழியில் கணக்கிட்டார்கள்: நிலத்தில் அளந்து ஒன்று, நட்சத்திரம் பார்த்து ஒன்று. 5.236 விகலை உதைத்தது (ஒரு டிகிரியை 3,600 ஆகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு விகலை). தரையில் சுமார் 160 மீட்டர். தூக்குக்குண்டை இமயமலை தன் பக்கம் இழுத்திருக்கும் என்று கல்கத்தாவில் இருந்த ஜான் பிராட் என்ற பாதிரியார் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவருக்கு வந்த விடை 15.885 விகலை! மலை அவ்வளவு பெரிது, ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இழுக்கிறது. மலைக்கு அடியில் கனம் குறைந்த பாறை வேர்போல ஆழமாக இறங்கியிருக்கிறது, அது மலையின் இழுவையைக் கழித்துவிடுகிறது என்று ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் 1855-ல் விளக்கினார். மேலே தெரிவதை வைத்து அடியில் இருப்பதைக் கணிக்க முடியாது, ஆனால் ஈர்ப்பை அளந்தால் அடியில் இருப்பது காட்டிக்கொடுத்துவிடும் என்பது அன்றிலிருந்து தெரிந்த பாடம்.

கடலில் ஈர்ப்பை அளப்பது அதைவிடக் கஷ்டம். ஆடுகிற கப்பலில் ஊசல் வேலை செய்யாது. டச்சுக்காரர் வெனிங் மெய்னஸ் அதற்கு வழி கண்டுபிடித்தார்: நீர்மூழ்கியில் ஏறி, அலை எட்டாத ஆழத்துக்கு இறங்கி அளப்பது. மனிதர் ஆறரை அடி உயரம், அந்தக் காலத்து நீர்மூழ்கியோ தலை நிமிர இடமில்லாத தகரக் குழாய். எப்படித்தான் வாரக்கணக்கில் மடங்கிக் கிடந்தாரோ! இந்தியப் பெருங்கடலின் இந்த ஈர்ப்புக் குறைவு 1948-ல் வெளியான அவருடைய அளவீடுகளில்தான் முதலில் தெரிந்தது. அப்புறம் செயற்கைக்கோள்கள் வந்து, கிரேஸ், கோசே போன்ற ஈர்ப்பு அளக்கும் கோள்கள் உட்பட, அதன் எல்லையைத் துல்லியமாக வரைந்துவிட்டன.

எங்கே, எவ்வளவு என்பதில் சந்தேகம் இல்லை. ஏன் என்பதில்தான் முக்கால் நூற்றாண்டாகத் தகராறு.

இதற்கு 2023-ல் ஒரு புது விடை வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேபாஞ்சன் பாலும் ஆத்ரேயி கோஷும் 'ஜியோபிசிக்கல் ரிசர்ச் லெட்டர்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை அது. உங்களுக்கு வந்த ஃபார்வர்டின் மூலமும் அநேகமாக அதுதான், ஏழு கை மாறி வந்திருக்கும்.

அவர்கள் சொல்வதைப் புரிந்துகொள்ள மேன்டில் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். பள்ளியில் 'கவசம்' என்று படித்திருப்பீர்கள்: நாம் நிற்கும் மேலோட்டுக்குக் கீழே தொடங்கி சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை உள்ள பாறை. குழம்பு என்று பலர் நினைப்பது தப்பு, அது திடப்பாறைதான். ஆனால் கோடி வருஷக் கணக்கில் பார்த்தால் கெட்டி வெல்லப்பாகு மாதிரி நகரும், வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர். சூடான பகுதி லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கனத்து இறங்கும். மேலே உள்ள கடல்தளத் தட்டுகள் பழசாகிக் குளிர்ந்ததும் ஆழ்கடல் அகழிகளில் வளைந்து உள்ளே இறங்குவதும் இந்தச் சுழற்சியின் ஒரு பகுதிதான்.

இந்தியா ஒரு காலத்தில் தெற்கே, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியாவோடு ஒட்டியிருந்தது. அதற்கும் ஆசியாவுக்கும் நடுவே டெத்திஸ் என்ற பெருங்கடல். இந்தியா பிய்த்துக்கொண்டு வடக்கே ஓட ஓட, அந்தக் கடலின் தளம் ஆசியாவுக்கு அடியில் இறங்கியது. சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன் இந்தியா ஆசியாவில் மோதியபோது டெத்திஸ் மூடிவிட்டது. அதன் ஓரத்துச் சேறும் அதில் புதைந்த உயிர்களும் இமயமலையில் மேலே தூக்கப்பட்டன. நேபாளத்தில் கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமத்தில் சக்கரம் மாதிரி ஒரு சுருள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது அம்மோனைட் என்ற கடல் உயிரியின் புதைபடிவம், டெத்திஸ் கடலில் நீந்தியது. பல வீட்டுப் பூஜை அறைகளில் அந்தக் கடலின் ஒரு துண்டு இருக்கிறது. மீதி, அதாவது அதன் தளம், மேன்டிலுக்குள் போய்விட்டது. பூமியில் நடக்கும் நிலநடுக்கங்களின் அலைகள் உள்ளே ஊடுருவி வெளிவரும் நேரத்தை வைத்து, மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுப்பது போலப் படம் போடுகிறார்கள். அதில் இந்தியாவுக்குக் கீழே பல நூறு கிலோமீட்டர் ஆழத்துக்கு அப்பால் அந்தத் தட்டுகள் குளிர்ந்த திட்டுகளாகத் தெரிகின்றன.

அதே ஸ்கேனில் ஆப்பிரிக்காவுக்கு அடியில், மேன்டிலின் அடிவாரத்தில், கண்டம் அளவுக்கு ஒரு சூடான திட்டும் தெரிகிறது. ஆப்பிரிக்கக் குமிழ் என்று செல்லமாகச் சொல்வார்கள். பாலும் கோஷும் சொல்லும் கதை இதுதான்: டெத்திஸின் குளிர்ந்த தளம் அடிவாரம்வரை இறங்கி, அந்தக் குமிழின் ஓரத்தைக் கலைத்துவிட்டது. கலைந்த சூடான பொருள் ஊற்றுகளாக மேலே கிளம்பி, இந்தியப் பெருங்கடலுக்கு அடியில் வந்து தங்கியது. அது லேசான பொருள், அதனால் அங்கே கனம் குறைவு, அதனால் கடல் தாழ்வு.

இதை எப்படிச் சோதிப்பது? 14 கோடி வருஷத்துக்கு முந்தைய பூமியிலிருந்து கணினியில் ஓட விட்டார்கள். மேலே தட்டுகள் எப்படி நகர்ந்தன என்பது பாறைகளிலிருந்து ஓரளவு தெரியும், அதை உள்ளீடாகக் கொடுத்தார்கள். மேன்டில் எவ்வளவு கெட்டி, குமிழின் அடர்த்தி எவ்வளவு என்பது சரியாகத் தெரியாததால், அவற்றை மாற்றி மாற்றி மொத்தம் 19 முறை ஓட்டினார்கள். அதில் 6 ஓட்டங்களில் இன்றைக்கு இருக்கிற இடத்தில், இருக்கிற மாதிரித் தாழ்வு வந்தது. அந்த ஆறிலும் பொதுவாக இருந்தது இந்தச் சூடான ஊற்றுகள். ஊற்றுகள் மேன்டிலின் மேல்பகுதிக்கு வந்து சேர்ந்ததையொட்டி, சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன் இந்தத் தாழ்வு இப்போதைய வடிவத்தை எடுத்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. மனிதன் என்ற பேச்சே இல்லாத காலம்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு, செய்தித்தாள்கள் அதைத் தொடவே இல்லை. 'சூடு, அதனால் லேசு, அதனால் பள்ளம்' என்பது கேட்க எளிது. ஆனால் அதே சூடான குமிழ் இருக்கும் ஆப்பிரிக்காவின் மேல் ஜியாய்டு தாழவில்லை, உயர்ந்திருக்கிறது! காரணம், சூடான பொருள் மேலே ஏறும்போது தலைக்கு மேல் உள்ள தரையையும் கொஞ்சம் தூக்கிவிடும். தூக்கிய தரை கூடுதல் கனம். உள்ளே குறைவு, மேலே கூடுதல். எது ஜெயிக்கும் என்பது அந்தச் சூடு எந்த ஆழத்தில் இருக்கிறது, சுற்றியுள்ள பாறை எவ்வளவு கெட்டி என்பதைப் பொறுத்தது. குளிர்ந்த தட்டுக்கும் இதே கதைதான் தலைகீழாக: ஆழத்தில் கனமாகக் கிடந்தாலும் மேல்பரப்பைக் கீழே இழுத்து, மொத்தத்தில் தாழ்வை உண்டாக்கலாம். அதனால்தான் முன்பு பலர் வெறும் டெத்திஸ் தட்டுகளை வைத்தே இந்தத் தாழ்வை விளக்கப் பார்த்தார்கள். கோஷின் குழு 2017-லேயே அது போதாது, 300 முதல் 900 கிலோமீட்டர் ஆழத்தில் சூடான லேசான பொருள் இருந்தே ஆகவேண்டும் என்று வாதாடியது. அப்படியானால் அது அங்கே எப்படி வந்தது என்ற கேள்விக்குத்தான் 2023 கட்டுரை.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? இல்லை. முதல் ஆட்சேபம்: 6.6 கோடி வருஷத்துக்கு முன் மகாராஷ்டிரம் முழுக்க எரிமலைக் குழம்பைக் கொட்டித் தக்காணத்தின் எரிமலைப் பாறை அடுக்குகளை உண்டாக்கிய பெரிய ஊற்று ஒன்று உண்டு, இப்போது ரியூனியன் தீவுக்கு அடியில் இருக்கிறது. இந்தியப் பெருங்கடல் ஊற்றுகளில் மிகப் பிரபலமான அதுவே இவர்களுடைய கணினி ஓட்டத்தில் சரியாக வரவில்லை. இன்னொன்று: கணினி காட்டும் ஊற்றுகள் நிஜமாகவே அங்கே இருக்கின்றன என்பதற்கு நிலநடுக்க அலைகளில் தெளிவான சாட்சி இன்னும் இல்லை. கோஷ் தரப்பு முழுப் பொருத்தம் என்று சொல்லவும் இல்லை. கணித்த ஜியாய்டுக்கும் அளந்த ஜியாய்டுக்கும் ஒப்புமை 80 சதவீதம் போல என்கிறார்கள். என் எண்ணம், 300 முதல் 900 கிலோமீட்டரில் சூடான பொருள் இருக்கிறது என்ற பகுதி நிற்கும். அது ஆப்பிரிக்கக் குமிழிலிருந்து எந்த வழியாக வந்தது என்ற பகுதி இன்னும் சில முறை திருத்தி எழுதப்படும். 19-ல் 6 என்பதை 'நிரூபித்துவிட்டார்கள்' என்று தலைப்பிட்டவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

தீர்க்க வழி, அந்த இடத்துக்கு நேர் கீழே ஸ்கேன் எடுப்பதுதான். அதற்குக் கடலடியில் நிலநடுக்கமானி வேண்டும், தரையில் உள்ளவை எட்டாது. கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் 2018-ல் அந்தப் பகுதியில் அப்படிப்பட்ட கருவிகளை இறக்கியது. பல கிலோமீட்டர் ஆழத்தில் மாதக்கணக்கில் கிடந்து, உலகத்தின் எந்த மூலையில் நிலநடுக்கம் வந்தாலும் அதன் அலை அடியிலிருந்து வந்து சேரும் நேரத்தைக் குறித்துவைக்கும் வேலை. அலை எதிர்பார்த்ததைவிட ஒரு விநாடி தாமதமாக வந்தால் வழியில் சூடான பாறை இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி குமரிக்கண்டம். இதை எழுதினால் திட்டு விழும் என்று தெரியும், இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். தொடர்பு இல்லை. தாழ்ந்திருப்பது கடலின் மேல்பரப்பு. காரணம் சில நூறு கிலோமீட்டர் ஆழத்தில். நடுவில் உள்ள கடல்தளத்தில் கண்டம் எதுவும் கவிழ்ந்து கிடக்கவில்லை, கடல்தளத்துக்கே உரிய பசால்ட் பாறைதான். குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் லெமூரியா என்ற பெயரே 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகளின் தடயம் இருப்பது எப்படி என்று விளக்க வைத்தது. அன்று கண்டங்கள் நகரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் நடுவில் ஒரு பாலத்தை மூழ்கடித்தார். நகர்ந்தது இந்தியாதான் என்று தெரிந்ததும் பாலத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. மொரீஷியஸ் எரிமலைப் பாறையில் 300 கோடி வருஷப் பழைய சிர்கான் என்ற கனிம மணிகள் கிடைத்ததாக 2017-ல் செய்தி வந்தபோதும் 'குமரிக்கண்டம் கண்டுபிடிப்பு' என்று ஓடியது. அங்கே பழைய கண்டத்தின் துண்டுகள் எரிமலைக்கு அடியில் இருப்பது உண்மைதான். ஆனால் அவை மூழ்கியது பல கோடி வருஷத்துக்கு முன்.

பழைய பாடல்களில் வரும் கடல்கோளுக்கு நிலவியலில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், 20,000 வருஷத்துக்கு முன், உலகக் கடல்மட்டம் இப்போதையதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை தரையாக இருந்தது, இலங்கைக்கு நடந்தே போகலாம். மன்னார் வளைகுடா ஓரத்திலும் கரை வெளியே தள்ளி இருந்தது. பனி உருக உருக அந்த நிலம் ஆயிரக்கணக்கான வருஷங்களில் கடலுக்கு அடியில் போய்விட்டது. தேட வேண்டுமென்றால் அந்த ஆழமில்லாத கரையோரத்தில் தேடலாம். ஜியாய்டு தாழ்வில் தேடிப் பயனில்லை.

இந்தத் தாழ்வு எப்போது நிரம்பும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்து வரும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அடியில் உள்ள லேசான பொருள் நகர்ந்து போகும்வரை இருக்கும். வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நகரக் கோடி வருஷம் பிடிக்கும். அதுவரை உங்கள் போன் கடற்கரையில் மைனஸ் காட்டினால், ஆப்பின் செட்டிங்கில் கடல்மட்டத் திருத்தம் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பல ஆப்களில் இருக்கும், அதை ஆன் செய்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.